வடதுருவப் பொலிஸ்காரனை வாசித்த குளிர்காலம்

நோயின் பெயர் நோயாளியின் காதில் விழுந்தால் அவர் விரைவில் போய்விடுவார் என்று எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. ஆகையால் என் கணவரின் நுரையீரலில் இருந்ததை, அவரையும் எங்கள் சின்ன மகளையும் தவிர எல்லோரும் அறிந்திருந்தோம். அவருக்கு நெஞ்சுச் சளி என்றே சொல்லப்பட்டது. மெல்போர்ன் மருத்துவர் அரைமனதோடு இணங்கினார். நோயாளி தானாகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து துணைக்கு வந்திருந்த என் கணவரின் அக்கா, என் மச்சாள், "அவன் கேக்கமாட்டான், பிள்ளை" என்று என்னைத் தேற்றினார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ரயில்வேயில் பொறியியலாளராக இருந்த அவர், ஓய்வில் வாசித்தவை எல்லாம் துப்பறியும் கதைகள். புத்தகத்தைப் பிடிக்கவும் கை சோர்ந்துபோன அந்தக் குளிர்காலத்தில், ஒரு நாவலின் பெயரைச் சொல்லி நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னார். வடதுருவத்தில் தன்னந்தனியே காவல் நிலையம் நடத்தும் பொலிஸ்காரன் ஒருவனின் கதை. கொலைகாரன் ஒருவனைத் தேடி, நாய்கள் இழுக்கும் வண்டியில், அவனும் வழிகாட்டியான ஒரு வேட்டைக்காரனும் உறைந்த கடலின்மேல் போகிறார்கள்.

மச்சாளுக்கும் விளங்கவேண்டும் என்பதால் தமிழாக்கிக்கொண்டே வாசிப்பேன். பின்னேரங்களில் ஹீட்டரைச் சுற்றி மூவரும் இருப்போம்.

"அந்தக் குளிருக்குள்ள என்னத்தைச் சாப்பிடுறான்?" என்பார் மச்சாள்.

"சீல் எண்ட கடல்நாய் இறைச்சி, அக்கா. பச்சையா" என்பார் என் கணவர்.

"சிவ சிவா. கலியாணம் கட்டேல்லையோ?"

"கட்டினவன் அங்க போவானோ?"

சிரித்தால் அவருக்கு இருமல் வரும். அது அடங்கும்வரை நானும் மச்சாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

ஒருநாள் நாவலில் அந்தப் பக்கம் வந்தது. வழிகாட்டி பனிவெடிப்பில் விழுந்து, விலா நொறுங்கிக் கூடாரத்தில் கிடக்கிறான். நான் பிழைப்பேனா என்று கேட்கிறான். கொலைகாரனின் தடம் பனியில் மறைந்துகொண்டிருக்க, பொலிஸ்காரன் அவனருகே உட்கார்ந்து, இல்லை என்கிறான். என் கண்கள் அதைத்தான் கண்டன. வாய் வேறு சொன்னது: சூடாகச் சூப் குடித்தான், வலி குறைந்தது, விடிந்ததும் நாய்களைப் பூட்டினான்.

மச்சாள் தேநீர் போடக் குசினிக்குப் போனார். அதுவரை கண்மூடியிருந்தவர், "அவன் எழும்பேல்லை" என்றார். "இதை நான் முந்தியே வாசிச்சனான்."

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"அவன் ஒரு கேள்வி கேக்கிறவன். அதை நீர் விட்டிட்டீர்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"டொக்டரிட்டை நானே கேட்டனான். முதலே. நீங்கள் ரெண்டு பேரும் இவ்வளவு பாடுபடேக்க, எப்பிடிச் சொல்லுறது? இப்ப நாள் குறைஞ்சு போச்சு. உம்மோட கதைக்க வேணும். முதல்ல அதை வாசியும்."

வாசித்தேன், உள்ளது உள்ளபடி. குரல் நின்ற இடங்களில் அவர் காத்திருந்தார்.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை? கதையில ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று குசினியிலிருந்து கேட்டார் மச்சாள்.

"இல்லை அக்கா, பொலிஸ்காரன் சுகமா இருக்கிறான்" என்று அவரே பதில் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாக, "அக்கா தாங்கமாட்டா" என்றார்.

அதன்பின் மச்சாள் துணி காயப்போடப் போகும் சிறுபொழுதுகளில் நாங்கள் பேசினோம். நான் ஊருக்குத் திரும்பக்கூடாது, மகள் இங்கேயே படிக்கவேண்டும், நான் வேலைக்குப் போகவேண்டும் என்றார். என்னை முதன்முதல் பார்க்க வந்த அன்று அணிந்த சட்டை இரவல் என்பதையும் அப்போதுதான் சொன்னார். எங்கள் மணவாழ்வில் அவ்வளவு மறைப்பில்லாத நாட்கள் வேறில்லை. குளிர் முடியுமுன் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மச்சாள், "கடைசிவரைக்கும் அவனுக்கு ஒண்டும் தெரியாது. நிம்மதியாப் போனவன்" என்றார். நான் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன்.

மச்சாள் ஊர் திரும்பி, சில ஆண்டுகளில் அங்கேயே காலமானார். மகள் சிட்னியில் தன் குடும்பத்தோடு வாழ்கிறாள். இந்த வீட்டில் நான் இருக்கிறேன்.