நடவை நிறுத்திவிட்டு வந்தவர்கள்

1991 அக்டோபர். காலை பத்து இருபதுக்குக் கலவை இயந்திரம் நின்றுபோனது. எங்கள் வீட்டுக் கூரையில் பாதிக்குத்தான் கான்கிரீட் விழுந்திருந்தது.

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே ஒரு கிராமத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அரசாங்க உத்தரவாதத்தோடு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் தரும் கடன். அஸ்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் சங்கத்து ஓவர்சியர் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் அடுத்த தவணை. அந்தத் தவணையை நம்பித்தான் சிமெண்டையும் கம்பியையும் கடையில் கடன் சொல்லி எடுத்திருந்தோம். கூரை கெட்டால் வீடு அப்படியே நிற்கும்.

கணவருக்கு ஆலையில் முதல் ஷிப்டு, லீவு கிடைக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பிளஸ் டூ முடித்திருந்த என் மகளோடு நின்றிருந்தேன்.

மேஸ்திரி இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தார். "பூட்ச்சிம்மா. ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஆளு வரணும். சாயங்காலம் ஆவும்."

"அதுவரைக்கும் நிறுத்தி வைக்கக் கூடாதா?"

"போட்டது இறுகிடும். அப்பால மீதிய போட்டா ரெண்டும் ஒட்டாது, மழ பேஞ்சா அந்த வழியா ஒழுவும். ஓவர்சியர் பாஸ் பண்ண மாட்டாரு. கையால கலக்கலாம், ஆனா எங்கிட்ட கீற ஆளு பத்தாது. நடவு நேரம், ஊர்ல யாரு சும்மா கீறாங்க?"

நான் எதற்கும் பயப்படுகிறவள். மகளைப் படப்பைக்குத் தனியாக பஸ் ஏற்றிவிடக்கூட மாட்டேன். சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம்.

பாதைக்கு அந்தப் பக்கத்து வயலில் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் அவர்கள் நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஓடினேன். ஆனால் வரப்போடு நின்றுவிட்டேன்.

"இப்ப நீங்க வாங்கக்கா. நாளைக்கு உங்க நடவுக்கு நானும் எங்கம்மாவும் வரோம்" என்றாள்.

முதலில் நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடி சொல்ற, டீச்சரம்மாவா? நாத்த தலகீழா நட்டுடப் போறாங்க!"

வயலே சிரித்தது. அவர் நிமிர்ந்து எங்கள் பாதிக் கூரையைப் பார்த்தார். "நாத்து நாளைக்கு வரிக்கும் தாங்கும். கலவ தாங்காது. கெளம்புங்கடி."

வயல்காரர் ஏதாவது சொல்வாரோ என்று இழுத்தேன். "அவரு கிட்ட நான் பேசிக்கிறேன். நீ மொதல்ல எல்லாருக்கும் டீ சொல்லும்மா."

மேஸ்திரியின் ஆட்கள் தகரத்தின்மேல் மண்வெட்டியால் கலவையைப் புரட்டப் புரட்ட, சாரத்தில் வரிசையாக நின்ற பெண்கள் சட்டிகளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். வரிசையின் நடுவில் என் மகள். சும்மா நின்ற என் கையிலும் யாரோ ஒரு சட்டியைத் திணித்தார்கள். வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேன். மழை அன்றைக்கு வரவேயில்லை. பொழுது சாய்வதற்குள் கூரை முடிந்தது. கூலி கொடுக்கப் போனால், "நாளைக்கு வரேன்னீங்கல்ல? அத்தோட சரி" என்று போய்விட்டார்கள்.

மறுநாள் போனோம். வாழ்க்கையில் முதல்முறையாக வயலில் கால் வைத்தேன். பத்தாவது நிமிடம் உட்கார்ந்தபடி விழுந்தேன். "டீச்சரம்மா, நாத்த இன்னாத்துக்கு தடவிக் குடுக்குற? பச்சக் கொழந்தையா அது? குத்து!" என்று ஒரே கேலி. மதியத்துக்குள் மகள் அவர்களுக்குச் சமமாக நட்டாள். எனக்கு மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை.

அதன்பிறகு மழை விடாமல் கொட்டியது. கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைப் பிரித்த பிறகு, மழை விட்ட ஒரு காலையில் ஓவர்சியர் வந்தார். மேலே ஏறி நடந்து பார்த்தார். உள்ளே வந்து டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். நான் அவர் பின்னாலேயே போனேன்.

டார்ச்சை அணைத்துவிட்டு என் மகளைப் பார்த்தார். "ஒரு சொட்டு கசிவு இல்ல. பாதியில மிஷின் நின்னுச்சுன்னு மேஸ்திரி சொன்னாரு. ஆளுங்கள இட்டாந்தது நீதானாமே? பின்னால தெருவுல மூணு வூடு கூரைக்கு நிக்குது. கான்கிரீட் அன்னிக்கு வந்து பாத்துக்கிறியாம்மா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். "வருவா சார்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

மழைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கண் முதலில் மேலேதான் போகிறது. சங்கத்துக் கடனை மாதாமாதம் கட்டி எப்போதோ அடைத்துவிட்டோம். ஆனால் அந்தப் பெண்கள் தந்த அரை நாளை என்னுடைய ஒரு நாள் நடவால் அடைத்துவிட்டேன் என்று மட்டும் ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை.