பதினாலாம் நம்பர் மெஷினில் வந்த லிங்க்கர் எரர்

"மெஷின் சரியா இருக்குதா?" என்று கேட்டார், செய்முறைத் தேர்வு நடத்த வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல்.

"பக்காவா இருக்கு சார். காலையிலயே நாப்பது மெஷினையும் டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றேன்.

இந்தப் பதிலைச் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன். திருவண்ணாமலையில் ஒரு தனியார் கலைக்கல்லூரியில் இருபத்தாறு வருடம் கம்ப்யூட்டர் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பழைய சகா ஒருவர் கேட்டார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் உபயோகமானது இந்த ஒன்றுதான்.

மூன்று வகை எரர்

சி புரோகிராமில் வரும் எரர்களை மூன்றாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பேன். முதலாவது கம்பைலர் எரர். எழுதியதில் பிழை இருந்தால் வருவது. பத்தாம் வரியில் செமிகோலனை விட்டால் பதினோராம் வரியில் தப்பு என்று காட்டும். பிள்ளைகள் பதினோராம் வரியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது லிங்க்கர் எரர். எழுதியது சரிதான், ஆனால் நாம் கூப்பிட்ட ஒரு ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது ரன்டைம் எரர். எல்லாம் கூடி வந்து, ஓட ஆரம்பித்து, நடுவழியில் படுத்துவிடுவது.

நான் ஸ்கிரீன் பக்கமே போக மாட்டேன். வாசலில் நின்றபடியே, "ஏம்மா, நம்பர் வாங்குற லைன்ல அன்ட் குறி போட்டியா?" என்று குரல் கொடுப்பேன். பெரும்பாலும் அதுதான் தப்பாக இருக்கும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கணிதத் துறைத் தலைவர் யாராவது விருந்தினரைக் கூட்டிவந்தால், "எங்க லேப் சாரு ஆள் மூஞ்சியப் பாத்தே எரர சொல்லிடுவாரு" என்பார். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

எனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தேன். எரர் வந்தால் முதலில் எழுதியவரைச் சந்தேகப்படு, கடைசியில்தான் மெஷினைச் சந்தேகப்படு. எங்கள் லேபில் லிங்க்கர் எரர் வந்தால், யாரோ ஃபங்ஷன் பெயரை மாற்றி அடித்திருப்பார்கள். வேறு காரணத்தால் வந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

லேபைக் கழுவுதல்

செய்முறைத் தேர்வுக்கு முன்னால் லேபைக் கழுவி விடுவது எங்கள் வழக்கம். தண்ணீர் விட்டு அல்ல. வருடம் முழுக்கப் பிள்ளைகள் புரோகிராம்களை எந்தெந்த ஃபோல்டரிலோ ஒளித்து வைத்திருப்பார்கள். தேர்வில் அதைத் திறந்து பார்த்து எழுதிவிடக் கூடாது என்று எல்லா மெஷினையும் ஃபார்மட் செய்துவிட்டு, லினக்ஸையும் கம்பைலரையும் எடிட்டரையும் புதிதாகப் போடுவோம்.

அந்த வருடம் தேர்வுத் தேதி பௌர்ணமியில் போய் விழுந்தது. அன்றைக்குத் தேர்வு வைத்தால் கிரிவலக் கூட்டத்தில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு பஸ் கிடைக்காது, எக்ஸ்டர்னலுக்கு ரூமும் கிடைக்காது. அதனால் தேர்வை முன்னால் இழுத்துவிட்டார்கள். நாற்பது மெஷினையும் ஒரே நாளில் கழுவ வேண்டியதாயிற்று.

போட்டு முடித்ததும் மெஷினுக்கு மெஷின் என் டெஸ்ட் புரோகிராமை ஓட்டுவேன். ஆறே வரி. இருபத்தைந்தின் வர்க்கமூலத்தை எடுத்துத் திரையில் காட்டும். 'வணக்கம்' என்று அச்சிட்டுப் பார்ப்பதோடு மற்ற கல்லூரிகளில் நிறுத்திவிடுவார்கள். நான் கணக்கு லைப்ரரியையும் சேர்த்துச் சோதிக்கிறேன் என்று எனக்குள் ஒரு மெதப்பு. நாற்பது மெஷினிலும் ஐந்து என்று வந்தது. லிஸ்டில் நாற்பது டிக் போட்டேன்.

முதல் நாள்

கௌசல்யா பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருடம். தண்டராம்பட்டு பக்கம் ஒரு கிராமம், வீட்டில் மணிலா பயிர், அதாவது வேர்க்கடலை. சென்னையில் ஒரு கம்பெனி வந்து அவள் வகுப்பில் அவளை மட்டும் எடுத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். ஒரு பேப்பர்கூட அரியர் இருக்கக் கூடாது. இது கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம்.

தேர்வில் சீட்டு எடுக்க வேண்டும். அவளுக்கு வந்தது இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்கும் புரோகிராம். வர்க்கமூலம் இல்லாமல் அதைப் போட முடியாது. அன்றைக்கு வேறு யாருக்கும் வர்க்கமூலம் வருகிற சீட்டு விழவில்லை.

பதினாலாம் நம்பர் மெஷினிலிருந்து கை தூக்கினாள்.

"சார், கம்பைல் ஆவுது சார். பில்ட் பட்டன் குடுத்தா லிங்க் ஆவ மாட்டேங்குது. ஸ்கொயர் ரூட்டு அன்டிஃபைன்ட்னு வருது."

"ஸ்பெல்லிங் பாரு."

"பாத்துட்டேன் சார். ஹெட்டர் ஃபைலும் போட்டிருக்கேன். கிளாஸ்ல இதே புரோகிராம் ஓடுச்சு சார்."

"கிளாஸ்ல ஓடுச்சின்னா இங்கயும் ஓடணும். எங்கயோ கோட்ட வுட்டிருக்க. தேடு."

நான் அவளுடைய திரையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவள் எக்ஸ்டர்னலைக் கூப்பிட்டாள். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார், நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"சார், மெஷின்ல ஏதோ இருக்கு சார். ஒருவாட்டி பாருங்க சார்" என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. எக்ஸ்டர்னல் முன்னால், என் லேபில், ஒரு மாணவி என் மெஷினைக் குறை சொல்கிறாள். "டெஸ்ட்லயே ஸ்கொயர் ரூட்டு போட்டுத்தான் பாத்திருக்கேன் சார். ஆடத் தெரியாதவங்க எல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்க" என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

அவள் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அடித்தாள். திரும்பவும் அதே எரர். நேரம் முடிந்தது. அவுட்புட் காட்டாதவருக்குப் பாஸ் மார்க் கிடையாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத விதி. விடைத்தாளை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

இரண்டாம் நாள்

மறுநாள் மீதிப் பாதி வகுப்புக்குத் தேர்வு. ஒரு பையனுக்குத் திட்டவிலக்கம் காணும் புரோகிராம் விழுந்தது. அதிலும் வர்க்கமூலம் உண்டு. அவனுக்கும் அதே எரர் வந்தது.

இப்போது குனிந்து பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. ஹெட்டர் ஃபைல் இருக்கிறது. எடிட்டரின் செட்டிங்கைத் திறந்தேன். பில்ட் கட்டளையின் கடைசித் துண்டைக் காணவில்லை.

லினக்ஸில் கணக்கு லைப்ரரி தானாக வந்து சேராது. பில்ட் கட்டளையின் கடைசியில் 'மைனஸ் எல் எம்' என்று போட்டால்தான் லிங்க்கர் அதைத் தேடி எடுக்கும். பல வருடங்களுக்கு முன்னால் நானே எல்லா மெஷினிலும் எடிட்டர் செட்டிங்கில் அதைப் போட்டு வைத்திருந்தேன். பிள்ளைகள் பட்டனை அழுத்துவார்கள், ஓடும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. மற்ற வருடங்களில் கழுவும்போது செட்டிங்கை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். இந்த முறை அவசரத்தில் அதையும் சேர்த்துக் கழுவிவிட்டேன்.

அப்படியானால் என் டெஸ்ட் புரோகிராம் எப்படி ஓடியது? இருபத்தைந்து என்று எண்ணை நேராக எழுதியிருந்தேன் அல்லவா? கம்பைலர் அதைப் பார்த்ததும் தானே கணக்குப் போட்டு ஐந்து என்று வைத்துக்கொண்டுவிட்டது. லைப்ரரியைக் கூப்பிடவே இல்லை. ஓடும்போது ஆள் அடித்துக் கொடுக்கிற எண் என்றால் அப்படிச் செய்ய முடியாது, லைப்ரரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதாவது, நான் மெதப்பாக இருந்த அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

"கீபோர்டு லூசா இருக்குடா, எழுந்திரு" என்று பையனை எழுப்பிவிட்டு, உட்கார்ந்து செட்டிங்கைச் சரி செய்தேன். அவன் அவுட்புட் காட்டிப் பாஸானான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பதினாலாம் நம்பர் மெஷினை ஆன் செய்தேன். கௌசல்யாவின் ஃபைல் அப்படியே இருந்தது. செட்டிங்கில் 'மைனஸ் எல் எம்' சேர்த்து, பட்டனை அழுத்தி, ஒன்று, மைனஸ் ஐந்து, ஆறு என்று கொடுத்தேன். மூலங்கள் மூன்று, இரண்டு என்று வந்தது. அவள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஷட் டவுன் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டு நாள் மார்க் லிஸ்டும் அன்று சாயங்காலம்தான் கையெழுத்தாக வேண்டும். துறைத் தலைவர் அறையில் டீ வந்தது. எக்ஸ்டர்னல் பேனாவைத் திறந்தபடியே, "நேத்து அந்தப் பொண்ணு ஒண்ணுதான் சார் பாவம். பேப்பர்ல நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார்.

எனக்கு வழியைத் திறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். வாங்க சார், மெஷின்ல காட்டுறேன் என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பார். ஆனால், பக்காவா இருக்கு என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன வாய். ஆடத் தெரியாதவள் என்று சொன்ன வாய்.

"ஆமா சார், பாவம்" என்றேன். கையெழுத்தாகிவிட்டது.

செங்கம் ரோடு

அந்தச் செய்முறைத் தேர்வு வருடத்துக்கு ஒரு தடவைதான். அடுத்த ஏப்ரலில் அவள் எழுதிப் பாஸானாள். அதற்குள் சென்னைக் கம்பெனி அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டது. நான் ஓய்வு பெற்றேன். வேங்கிக்காலில் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கூப்பிட்ட இடத்துக்குப் போய் கம்ப்யூட்டர் சரி பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து கூப்பிட்டார்கள். ரிசப்ஷனில் கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். "வாங்க சார்" என்று எழுந்து நின்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேலையை முடித்தேன். பையை மூடினேன். திரும்பவும் திறந்தேன். பிறகு சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல். செட்டிங்கை அழித்தது, இருபத்தைந்து, மத்தியானம் நான் பார்த்த அவுட்புட், எக்ஸ்டர்னல் சொன்னது, நான் சொன்னது.

அவள் ரிஜிஸ்டரை மூடி வைத்தாள். "மைனஸ் எல் எம் விஷயம் எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு சார். தோழி லேப்டாப்ல போட்டுப் பாத்தேன். உங்களுக்கும் தெரியலபோலனு நெனச்சிக்கினு இருந்தேன்."

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"எங்கப்பா வெளிய வண்டில நிக்கிறாரு சார். என்னைக் கூட்டிம்போவ வந்திருக்காரு. அவருகிட்ட இதச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பவே சார்."

வாசலில் மொபெட்டில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவள் சொன்னதும் இறங்கிக் கும்பிட்டார். லிங்க்கர், லைப்ரரி எல்லாம் அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. அவர் கேட்டது இரண்டே கேள்விதான்.

"அப்ப எம் பொண்ணு போட்ட கணக்கு சரிதானுங்களா சார்?"

"சரிதாங்க. நானே ஓட்டிப் பாத்தேன்."

"எப்ப பாத்தீங்க?"

"மறுநாள் மத்தியானம். மார்க் போடுறதுக்கு முன்னாடி."

அவர் மொபெட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுக்கு வந்து, நான் சரியாத்தான் போட்டேன், மெஷின்தான் தப்புன்னு சொல்லிச்சு சார். லேப் சாரே டெஸ்ட் பண்ணேன்னு சொல்லிட்டாராமே, படிக்காம பெயிலாயிட்டு மெஷின் மேல பழி போடுறியான்னு கைய நீட்டிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு நாளும் அடிச்சதில்ல சார்."

கௌசல்யா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சிடுங்க என்றேன். அவள் பின்னால் ஏறி உட்கார, வண்டி கிளம்பியது.

புதிதாக வரும் லேப் இன்ஸ்ட்ரக்டர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் டெஸ்ட் புரோகிராமில் எண்ணை நீங்களே எழுதாதீர்கள், வெளியிலிருந்து வாங்குங்கள். மெஷின் சரியா என்று யாராவது கேட்டால் எழுந்து போய்ப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் மார்க் லிஸ்ட் கையெழுத்தாவதற்குள் வாயைத் திறங்கள். எனக்கு அதற்கு ஒரு மத்தியானம் முழுக்க நேரம் இருந்தது.