என் காலில் வைத்த செயற்கை எலும்பு

சபையில் உள்ள அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். என் பெயர் தேவதாஸ். சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறேன். என் கால் குணமான சாட்சியை உங்களில் பலர் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். அதில் நான் பொய் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், மாம்பழ சீசன் நேரம். வேலை முடிந்து வரும்போது ஒரு டிராக்டர் என் பைக்கில் மோதியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. கம்பி வைத்தார்கள், உள்ளே சீழ் பிடித்தது. கெட்ட எலும்பை வெட்டி எடுத்ததில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். ஆண்டவரே, ஏன் எனக்கு என்று குழந்தையைப் போல அழுதேன். நீங்கள் எல்லோரும் எனக்காக மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தீர்கள்.

பிறகு திருப்பதியில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். வழக்கமாக இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துத்தான் இப்படிப்பட்ட இடைவெளியை நிரப்புவார்களாம். அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்தில் செய்த செயற்கை எலும்பை வைத்தால் அதே பலன் கிடைக்குமா என்று அவர்கள் பரிசோதித்து வந்தார்கள். பார்க்கக் கல் உப்பு மாதிரி வெள்ளைத் துகள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். சீழ் முழுவதும் ஆறிய பிறகு அதை வைத்தார்கள். ஒரு வருடம் வரை சொன்ன தேதிகளில் வந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. "கடைசிப் படம்தான் முக்கியம். நல்லா இருந்தாலும் வரணும், நல்லா இல்லாட்டியும் வரணும்" என்றார் டாக்டர். பலமாகத் தலையாட்டினேன்.

ஆறாவது மாதம் கோல் இல்லாமல் நடந்தேன். அந்த வருட அறுப்பின் பண்டிகையில் போதகர் ஐயா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். "டாக்டர்கள் கைவிட்டார்கள்" என்றதும் ஒரே அல்லேலூயா. அதற்குமேல் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. "காலுக்குள் ஒன்றுமே வைக்கவில்லை, கர்த்தரே புது எலும்பை வளர்த்தார்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தவர்களிடம் ஆஸ்பத்திரித் துகளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏதோ என் பொய் இல்லாவிட்டால் கர்த்தருக்கு மகிமை குறைந்துவிடும் என்பது போல! கைதட்டலும் இனித்தது, அதையும் மறைக்க மாட்டேன். யாரோ அதைப் பதிவு செய்து போனில் அனுப்ப, ஊர் ஊராகப் போய்விட்டது.

ஒரு வருடம் ஆனதும் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். ஒன்றுமே வைக்காத காலுக்கு எக்ஸ்ரே எதற்கு என்று சபையில் யாராவது கேட்டால்? ஊரில் இல்லை என்றேன். பிறகு போனையே எடுக்கவில்லை.

இந்த வருடம் தவக்காலத்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, நகரியிலிருந்து ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். பெயர் கிரேஸ். அவள் அம்மா எஸ்தர் விசைத்தறியில் வேலை செய்பவர். படியில் விழுந்து கால் முறிந்து, எலும்பு கூடாமல் படுத்த படுக்கையாக இருந்தார்.

"அங்கிள், ஆபரேசனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. எங்கம்மா வாணாங்குது. உங்க சாட்சியயே போட்டுப் போட்டுக் கேட்டுக்கினு கீது. அந்தண்ணனுக்கு வளந்த எலும்பு எனுக்கு வளராதான்னு கேக்குது. கால்ல சீழ் வந்துக்கினு கீது, அங்கிள். நீங்க வந்து ஜெபம் பண்ணுங்க."

வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்றேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்த அம்மாவை நீரே சுகமாக்கிவிடும். என் பொய் வெளியே வராமல் போகட்டும்." இரண்டு நாள் இதே ஜெபம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மூன்றாம் நாள் காலை குளிக்கும்போது காலில் உள்ள தழும்பில் கை பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என் மானம் போனால் போகட்டும் கர்த்தாவே, அந்தக் கால் போகக் கூடாது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் கொடும்" என்று கதறினேன்.

பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு அன்றே நகரிக்குப் பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் எஸ்தரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஜெபம் பண்ணுங்கண்ணா" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அந்த வெள்ளைத் துகள்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

அதுவரை நீங்க என்று பேசியவர் நீ என்றார். "அப்போ இத்தினி நாளா யார் பேச்ச நம்பி நான் படுத்துக்கினு கீறேன்? கர்த்தர் பேர்ல சொன்னியே, உனுக்கு பயமா இல்லியா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிரேஸ் கொடுத்த காபி என் கையிலேயே ஆறிப்போனது. பிறகு எஸ்தர், "கிரேசு, ஆஸ்பத்திரி சீட்ட எடு" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் கூட வா. உன் டாக்டருகிட்டயே போலாம். அவரு முன்னாடியும் இதச் சொல்லு" என்றார்.

மறுநாள் திருப்பதி. டாக்டர் முதலில் எஸ்தரைப் பார்த்தார். இன்னும் பத்து நாள் போயிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். அவரை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். பொய்ச் சாட்சியையும் போனை எடுக்காததையும் சொன்னேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்க வராததால உங்க கால் என்ன ஆச்சுன்னே எங்களுக்குத் தெரியல. அடுத்த பேஷண்டுக்கு இத நம்பி வைக்கலாமான்னு நாங்க எதப் பாத்துச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அந்த அடுத்த பேஷண்ட் உள்ளேதான் படுத்திருந்தார்.

எனக்குப் படம் எடுத்தார்கள். வெள்ளைத் துகள் பெரும்பாலும் கரைந்து, அந்த இடத்தில் எலும்பு நிறைந்திருந்தது. "நாங்க வச்சது பந்தல் மாதிரி. அதுமேல படர்ந்து வளர்ந்தது உங்க சொந்த எலும்பு" என்றார் டாக்டர். அங்கேயே நின்று அழுதேன். கர்த்தர் என் காலில் நிஜமாகவே வேலை செய்திருந்தார். அதை உள்ளபடி சொல்ல எனக்குத்தான் மனம் வரவில்லை.

எஸ்தருக்குச் சீழை அகற்றி, சில வாரம் கழித்து, அவர் இடுப்பு எலும்போடு அதே துகளைக் கலந்து வைத்தார்கள். கால் தப்பியது. என் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார், அவருக்கு நன்றி. ஆனால் தாமதமானதால் அதிக எலும்பை வெட்ட வேண்டி வந்தது. கால் ஒரு விரல் அகலம் குட்டை. ஒரு செருப்புக்கு மட்டும் தடித்த அடி வைத்துத்தான் நடக்கிறார். தறியில் நின்று வேலை செய்ய இனி அவரால் முடியாது. அவர் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். அந்த ஒரு விரல் அகலம் என்னால்தான், அது எனக்குத் தெரியும்.

போன மாதம் நம் சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டல் இல்லை. நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு உட்காரப் போனேன். நகரியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எஸ்தர், "நிறுத்தாத, முழுசா சொல்லு" என்றார். சொல்லி முடித்தேன். அன்று வராதவர்களுக்காகவும், அந்தப் பதிவைக் கேட்ட வெளியூர்க்காரர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

கஷ்டத்தில் இருக்கிற என் சகோதரரே, சகோதரியே, கர்த்தரை நம்புங்கள். உபவாசம் இருந்து கேளுங்கள். டாக்டர் தேதி கொடுத்தால் ஜெபித்துவிட்டு அந்தத் தேதியில் போங்கள். அங்கேயும் அவர் உங்களோடு வருவார். சுகமானால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. என் பழைய பதிவு இன்றைக்கு எந்த ஊரில், யார் படுக்கையோரம் ஓடிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அதை அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதை அனுப்புங்கள்.