பலக்கெ திருகுங்க

போன வியாழக்கிழமை, ஓசூர் பக்கத்திலுள்ள பேரிகை சந்தையில் ஒரு கத்தரிக்காய்க்காரரிடம் வழி கேட்டேன். ஆபீஸ் நண்பர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். வீடு எங்கே என்று தெரியவில்லை. அவர் தராசைக் கீழே வைக்காமலேயே, "பலக்கெ திருகி ஹோகி" என்றார்.

கன்னடம். திருச்சிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் கற்றுக்கொண்ட கன்னடம் பால்காரரோடும் பஸ் கண்டக்டரோடும் தீர்ந்துவிடும். 'ஹோகி' என்றால் 'போங்கள்' என்று தெரியும். 'பலக்க' நம்முடைய வார்த்தைதானே? பலக்கப் பேசுகிறோம், பலக்கச் சிரிக்கிறோம்... ஆக, பலமாக, வேகமாகப் போங்கள் என்கிறார். எனக்கு நேரமாகிவிட்டது இவருக்கு எப்படித் தெரிந்தது?

வேகமாக நடந்தேன் — நேராக. சந்தை முடிந்தது. மாடு கட்டுகிற இடமும் முடிந்தது. ஏரிக்கரையே வந்துவிட்டது. பின்னால் யாரோ கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"எங்க சார் போறீங்க? பலக்கென்னா சோத்தாங்கைப் பக்கம். அந்தப் பக்கம் திரும்பிப் போங்கன்னுதான் அவுரு சொன்னாரு."

சந்தையில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வார்த்தையை நான் முன்பே ஒருதரம் கேட்டிருக்கிறேன். ஆறு வாரத்துக்கு முன், என் வீட்டு மொட்டை மாடியில், இதே பேரிகையைச் சேர்ந்த ஒருவர் வாயிலிருந்து. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நான் செய்த காரியத்தைப் பற்றி நீங்களும் படித்திருக்கிறீர்கள் — இதே பக்கத்தில். படித்துச் சிரித்து, எனக்குக் கடிதமும் போட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், அந்த 'வளையல்' சமாசாரம்தான்.

படிக்காத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். அதில் ஒரு டெலஸ்கோப்பை எடுத்து வந்தேன். ஆள் உயரக் குழாய், உள்ளே நல்ல கண்ணாடி. ஆனால் குழாயின் முதுகில் இருக்க வேண்டிய சின்ன டெலஸ்கோப் மட்டும் காணோம். அது இருந்த இடத்தில் ஓட்டைகள்தான் இருந்தன.

அது எதற்கு என்கிறீர்களா? பெரிய குழாய் வானத்தில் ஒரு மிளகளவு இடத்தைத்தான் காட்டும். சனிக் கிரகம் அதோ இருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியும், குழாய்க்குத் தெரியாது. குழாயை இப்படியும் அப்படியும் ஆட்டி, கழுத்து சுளுக்கி, கடைசியில் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையைப் பார்த்துவிட்டு இறங்கி வருவேன்.

அப்போதுதான் கெம்பண்ணா வந்தார். பேரிகையில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். யுத்தத்தின்போது ராணுவத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவர். வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட வந்த மனிதர், குழாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எதுக்கு சார் இன்னொரு கண்ணாடி? துப்பாக்கியில என்ன கண்ணாடியா வெச்சிருக்கு?"

அடுத்த வாரமே செய்து கொண்டுவந்து மாட்டினார். குழாயின் பின்பக்கம், நடுவில் சிறு துளை போட்ட ஒரு பித்தளைத் தகடு. முன்பக்கம் ஒரு பித்தளை வளையம். அதில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கம்பி. தகட்டை நகர்த்த ஒரு திருகு. அவ்வளவுதான். எதையும் பெரிதாக்கிக் காட்டாது. அதுதான் அதில் விசேஷம். துளையில் கண்ணை வைத்தால் வானம் வானமாகவே இருக்கும்; வேண்டிய நட்சத்திரத்தை வளையத்துக்கு நடுவில் கொண்டுவந்துவிட்டால் குழாயிலும் அதுவே நிற்கும்.

பட்டப்பகலில், மொட்டை மாடியில் வைத்துச் சரிபார்த்துக் காட்டினார். மலைக்கோயில் கலசத்தை முதலில் பெரிய குழாயில் பிடித்தார். பிறகு குழாயை அசைக்காமல் திருகை மட்டும் இரண்டு விரலால் தொட்டுத் தொட்டு, வளையத்திலும் கலசம் நடுவில் வரும்படி செய்தார். நான் பார்த்தேன். கலசத்தின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது, "குழாயத் தூக்கி எறக்கறப்ப கொஞ்சம் வெலகும் சார். வெலகிச்சுன்னா பலக்கெ திருகுங்க, சரியாயிடும்" என்றார்.

என்னோடு பேசும்போதெல்லாம் அவர் எனக்காகத் தமிழில்தான் பேசினார். கைவேலை வார்த்தை ஒன்று மட்டும் அவருடைய மொழியில் வந்துவிட்டது. 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சனியைப் பார்க்க நாலு பேரைக் கூப்பிட்டிருந்தேன். டாக்டர் வந்தார், ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள், ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரும் வந்தார். அவர் பள்ளியில் தொழிற்கல்விக்கு ஒரு வாத்தியார் தேவை. கெம்பண்ணா பெயரை அவரிடம் சொன்னவனே நான்தான். பாதி சனிக்காகவும் பாதி கெம்பண்ணாவின் வேலைப்பாட்டைப் பார்க்கவும் வந்திருந்தார். கெம்பண்ணாவுக்கும் அது தெரியும். ஆனால் அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய மனிதர்கள் வருகிற இடமாயிற்றே...

இருட்டத் தொடங்கியது. சனியை வளையத்தில் நிறுத்தினேன். குழாயில் இல்லை. கீழே இறக்கி மறுபடி மாடிக்குத் தூக்கி வந்ததில் விலகியிருக்கிறது. ஞாபகம் வந்தது — 'பலக்க' திருக வேண்டும். கொறடை எடுத்து வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நன்றாக இறுகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தக் குழாயில் கறுப்பு வானத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். சனியைப் பார்க்க முடியவில்லை, பிடித்ததுதான் மிச்சம் என்று டாக்டர் சிரித்தார். ஹெட்மாஸ்டர் மட்டும் தகட்டைத் தொட்டுப் பார்த்து, இதுதான் அவர் வேலையா என்று கேட்டார்.

நல்ல மனிதனாக இருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நேற்றுவரை சரியாக இருந்தது, நான்தான் இப்போது கொறடு போட்டேன்' என்று. நான் சொன்னது: "எல்லாம் நம்ம பேரிகைக்காரர் கைவரிசைதான் சார்."

அதோடு விட்டேனா? அந்த வாரம் எழுதுவதற்கு வேறு விஷயம் அகப்படவில்லை. 'டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி கேட்டேன், பேரிகைக் கொல்லர் ஒரு வளையலை மாட்டிவிட்டுப் போனார்' என்று எழுதினேன். பெயர் போடவில்லையே என்று எனக்கு ஒரு சமாதானம். பேரிகையில் துப்பாக்கி தெரிந்த கொல்லர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைத்தான் சொன்னாள். கூடத்தைக் கட்டின கொத்தனாரைப் பத்திரிகையில் போட்டு மானத்தை வாங்கவில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும், கழற்றிப் போட்டிருந்த தகட்டைத் தகர டப்பாவிலிருந்து எடுத்தேன். ஓரம் வளைந்திருந்தது. திருகின் தலையில் கொறடின் பல் வரிசையாகப் பதிந்திருந்தது. அழுத்தி நிமிர்த்தி மாட்டினேன். கலசத்தைப் பார்த்துச் சரிசெய்தேன். இரண்டே விரல், வலது பக்கம் அரைச் சுற்று. சாயங்காலம் வளையத்தில் சனியை நிறுத்திவிட்டுக் குழாயில் பார்த்தேன். இருந்தது. சுற்றிலும் தன் வளையத்தோடு, நட்டநடுவில் இருந்தது.

இத்தனை நாள் பார்க்க ஏங்கிய காட்சி. ஒரு நிமிஷம்கூடப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தகட்டைத் திருகோடு கழற்றி எடுத்துக்கொண்டு பேரிகைக்குப் போனேன். டீக்கடையில் கெம்பண்ணா பட்டறை எது என்று கேட்டேன். "யாரு, வளையல்காரரா? பலக்கெ போங்க" என்றார் கடைக்காரர். இந்தத் தரம் சரியாகத் திரும்பினேன். ஆனால் அந்தப் பெயர் கூடவே வந்தது. ஆண்பிள்ளையை வளையலோடு சேர்த்துப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரை அவருக்கு வைத்தது பேரிகை இல்லை, நான்.

கெம்பண்ணா என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"அன்னிக்கே இதக் கொண்டாந்து எங்கிட்ட காட்டியிருந்தா, பாத்ததும் சொல்லியிருப்பேனே சார்" என்றார்.

பள்ளிக்கூட வேலை பற்றிக் கேட்டேன். பெங்களூரிலிருந்து ஒருவரைப் போட்டுவிட்டார்களாம். நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்துப் பேசுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். (மறுநாள் போய்ப் பேசினேன். ஹெட்மாஸ்டர் வருத்தப்பட்டார். வந்த ஆளை எப்படி அனுப்புவது என்று கேட்டார்.)

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கெம்பண்ணா தகட்டைத் துருத்திக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்:

"சலூன்ல வெச்சுப் படிச்சாங்க சார், நீங்க எழுதினத. சேவிங் பண்ண உக்காந்திருந்தேன், பாதியில எந்திரிக்க முடியல. அத ஊருக்கே கேக்கற மாதிரி எழுதினீங்க. இத எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்றீங்களே."

ஆகவே, பேரிகை சலூனில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் தயவுசெய்து சத்தமாகப் படிக்கவும். கெம்பண்ணா மாட்டிய தகடும் வளையமும் சரியாக இருந்தன. அதைக் கெடுத்தவன் நான். கெடுத்துவிட்டு அவர் மேல் பழி போட்டவனும் நான்தான்.

இதைப் பலக்கவே சொல்கிறேன் கெம்பண்ணா — இது தமிழ் 'பலக்க'.