ருக்மணி அக்காவுக்காக நான் சொல்லாத சாட்சி

அறிமுகம் இல்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுப்பதில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்பார்கள், பரிசு விழுந்திருக்கிறது என்பார்கள், எனக்கு எதற்கு வம்பு? அன்று காலை ஒரே எண்ணிலிருந்து நான்கு முறை மணி அடித்தது. நான்கு முறையும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்தாவது முறை என் மனைவி பறித்துப் பேசினாள். அழைத்தவர், நான் உட்கார்ந்து மனு எழுதும் புங்கமரத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் முருகையன்.

"ருக்மணியக்கா போயிட்டாங்களாம். தூக்கத்துலயே போயிடுச்சாம் உயிரு," என்றாள் மனைவி.

"யார் சொன்னது? அவனுக்கு நேர்ல தெரியுமா?" என்றுதான் நான் கேட்டேன். இரங்கல் வார்த்தை எதுவும் முதலில் என் வாயில் வரவில்லை. அக்காவை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும் என்பதால் இதை ஒளிக்க வழியில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கு யாராவது அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அக்கா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தவன். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, வழித் தகராறு என்று வருகிறவர்களுக்கு ஒரே மரத்தடியில் இரண்டு மேசை போட்டு, பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினோம். அதில் பாதி வருடங்கள் அவரை நான் புரோக்கர் என்றே நினைத்திருந்தேன்.

நினைப்பதற்குக் காரணம் இருந்தது. மனு எழுத வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது பெயரும் தகப்பனார் பெயரும். அக்கா அப்படி அல்ல. "கூட யார் வந்திருக்காங்க?" என்பார். யாரும் வரவில்லை என்றால் அவரை உட்காரவைத்து, அதே பக்கத்திலிருந்து வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். வந்தால் இருவரையும் பேசவிடுவார். "காகிதம் உள்ள போயிடும் தம்பி. ஆனா அடுத்த வாரம் இன்னா ஆச்சுன்னு கேக்க ஒரு ஆள் வோணும் இல்ல," என்பார் என்னிடம். ஆள் சேர்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றும். எந்தக் கட்சிக்கு, எந்தத் தேர்தலுக்கு என்பதுதான் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மோர் விற்கிறவள். பக்கத்தில் சுண்டல் விற்கிற பெண் தன் இடத்தைத் தள்ளித் தள்ளி ஆக்கிரமிக்கிறாள் என்று மனு எழுதச் சொன்னாள். அக்கா பேனாவை எடுக்காமல் அவளை உட்காரவைத்தார். அரை மணி நேரத்தில் அந்தச் சுண்டல்காரியே என் மேசைக்கு வந்து, மோர்க்காரி மேல் மனு எழுதச் சொன்னாள். நான் தாளை மடித்து ஓரம் விட்டுப் பெறுநர் முகவரி வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்குள் அக்கா இவளையும் கூப்பிட்டு, அவள் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டார்.

"ஏம்மா, அவ்ளோ கூட்டத்துல உனக்கு அவசரமா ஒதுங்கணும்னா கடைய யார் பாத்துக்குவா?" என்று மோர்க்காரியிடம் கேட்டார்.

சுண்டல்காரிதான் முந்திக்கொண்டாள். "நான்தான் பாத்துக்குவேன். வேற எவ பாப்பா?"

"அப்ப உனக்கு?"

"அவதான்."

"அப்ப வர்ற பௌர்ணமிக்கு ரெண்டு பேரும் வேற ஆள் பாத்து வெச்சிட்டு வாங்க. அப்புறமா நான் எழுதித் தர்றேன்," என்றார் அக்கா.

இருவரும் சிறிது நேரம் திட்டிக்கொண்டார்கள், பிறகு ஒரே ஷேர் ஆட்டோவில் போனார்கள். இரண்டு மனு போயிற்று, ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. எனக்கு வயிறு எரிந்தது. வருமானத்தை இப்படித் தெருவில் விடுகிறவருக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அடுத்த பௌர்ணமி சாயங்காலம் கிரிவலம் போகிற சாக்கில் வேவு பார்க்கப் போனேன். சாமியை நினைத்து நடந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கடைகளும் ஒட்டி ஒட்டி இருந்தன. சுண்டல் வாங்குகிறவர்களிடம் "காரமா இருக்கும், அங்க மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று இவள் அனுப்பிக்கொண்டிருந்தாள். மோர்க்காரி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பைவிட இரண்டு பேருக்கும் வியாபாரம் ஜாஸ்தி என்பது நின்று பார்த்தாலே தெரிந்தது. இதில் அக்காவுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கத் தைரியம் இல்லாமல் ஒரு மோர் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகொரு முறை நேராகவே கேட்டேன். போளூர் பக்கத்திலிருந்து வந்த கைம்பெண் ஒருத்திக்குச் செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் சமையல் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அங்கே ஆசிரமத்தை ஒட்டிய விடுதிக்காரர்கள் ஆதார் அட்டை, போட்டோ இல்லாமல் பெருக்கக்கூட ஆள் எடுக்க மாட்டார்கள். அக்கா போனில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவளை எடுத்துக்கொண்டார்கள்.

"இதுல உங்களுக்கு இன்னா கெடைக்குது அக்கா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த வீதியில எனக்கு ஒருத்தி தெரிஞ்சவ ஆயிட்டா இல்ல தம்பி. இதுவரைக்கும் அங்க எனக்குத் தெரிஞ்சவங்க கம்மிதான்."

தேர்ந்த புரோக்கர் கூட இவ்வளவு அழகாக மழுப்ப முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். ருக்மணி என்கிற பெண்மணி அலுவலகத்துக்கு வருகிற ஏழை எளியவர்களை வளைத்து இடைத்தரகு செய்கிறார் என்று. என் எழுத்து தெரியாதபடி நிமிர்த்தி நிமிர்த்தி எழுதினேன். செங்கம் சாலை வரை போய், அங்கே தபால் பெட்டியில் போட்டேன். வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது. பெறுநர், பொருள், இணைப்பு ஏதுமில்லை என்று எல்லாவற்றையும் முறைப்படி எழுதியிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் தொழிலில், மனுதாரர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுவதற்குக் கடைசியில் மூன்று விரல் இடம் விட்டு, பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவோம். பழக்க தோஷத்தில் அதையும் போட்டிருந்தேன். ஆள் பெயரே இல்லாத கடிதத்தில் கையெழுத்துக்கு இடம் விட்ட முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

விசாரணைக்கு ஓர் அலுவலர் வந்தார். தன்மையான மனிதர். அக்காவை உள்ளே அழைத்துக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அக்கா வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அந்தம்மாவப் பத்தி உங்களக் கேட்டா தெரியும்னு அவங்களே உங்க பேரைக் குடுத்திருக்காங்க. கமிஷன் ஏதாவது வாங்குறாங்களா?"

இது பொறி என்று நினைத்தேன். பென்சில் குறியைப் பார்த்துவிட்டுத்தான் என் பெயரைக் கொடுத்திருக்கிறார், என் வாயாலேயே என்னை மாட்டவைக்கப் பார்க்கிறார். அக்கா கமிஷன் வாங்குவதை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஒன்பது வருடம் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தும் பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. பக்கத்துல உக்காருவாங்க, அவ்ளோதான்," என்றேன்.

விசாரணை முடியும்வரை வேறு எங்காவது உட்காரும்படி அக்காவிடம் சொன்னார்கள். எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டார். மரமும் இல்லை, கூரையும் இல்லை. திருவண்ணாமலை வெயில் உங்களுக்குத் தெரியும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்று மாதம் அங்கே எழுதினார். என் மேல் ஒரு கோபப் பார்வை இல்லை. காலையில் வந்ததும் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே மேசையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

மரத்தடி முழுவதும் எனக்கென்று ஆன பிறகு மனுக்கள் குவியும் என்று எதிர்பார்த்தேன். குறைந்துதான் போயிற்று. ஏன் என்று புரியாமல், வந்தவர்களை விசாரித்தேன். இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "எதிர்ல ஒரு அம்மா அனுப்புனாங்க. கோர்ட் சமாச்சாரம்னா உங்க எழுத்துதான் நிக்கும்னு சொன்னாங்க," என்றார் ஒரு பெரியவர். அதற்கடுத்து வந்தவரும் அதையே சொன்னார். ஒன்பது வருடமாக என் மேசைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் என் திறமைக்காக வந்தார்கள், எத்தனை பேர் அவர் அனுப்பி வந்தார்கள் என்று அன்றிலிருந்து எனக்குத் தெரியவில்லை. அப்போதும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? எனக்குக் குற்ற உணர்ச்சி வரவேண்டும் என்றே அனுப்புகிறார் என்றது.

விசாரணையில் ஒன்றும் இல்லை என்று ஆகி அவர் மரத்தடிக்குத் திரும்பினார். அடுத்த வருடம் என் மனைவிக்கு அவசரமாக அறுவைச் சிகிச்சை. இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனை எடுத்துப் பார்த்தேன். மின்வாரியம், கேஸ், மகன், மச்சான், ருக்மணி அக்கா என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. மகன் துபாயில், மச்சானோடு பேச்சு இல்லை. வேறு வழியில்லாமல் அக்காவுக்குச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் வந்து நின்றார்கள். அதில் சுண்டல்காரியின் புருஷனும் ஒருவர். உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அன்று எனக்கு நன்றியைவிடப் பொறாமைதான் அதிகம் வந்தது. என்னைவிடச் சின்ன வீட்டில், என்னைவிடக் கம்மியான வரும்படியில், அந்த அம்மாள் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருந்தார் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கடிதத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நாலு வருடம் இப்படியே போயிற்று.

சாவு வீட்டில் நிற்க இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் அக்காவால் அறிமுகமானவர்கள். மோர்க்காரி வாசலில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் நான் சுவரோரம் நின்று யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மகள் சுமதி என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். வாரிசுச் சான்றிதழுக்கு மனு தயாராக இருந்தது. குடும்பத்தை அறிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஊர்பட்ட பேர் இருக்காங்களேம்மா, நான் எதுக்கு?" என்றேன். இந்தப் பெண் எதையோ தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டிருக்கிறாள் என்று உள்ளே ஒரு குரல்.

"அம்மா இருந்தா உங்களத்தான் கேட்டிருப்பாங்க மாமா."

தாளைப் பார்த்தேன். ஆயிரம் பேருக்கு நான் எழுதிக் கொடுத்த அதே வாசகம். இறந்தவரை எனக்கு இத்தனை ஆண்டுகளாக நேரில் நன்கு தெரியும். பேனாவை வாங்கினேன், எழுத வரவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை 'எனக்கு ஒன்னும் தெரியாதுங்க' என்று சொன்னவன் நான்.

"சுமதி, அம்மா மேல ஒரு லெட்டர் போச்சே. அத எழுதுனது நான்தான்மா."

அவள் முகம் மாறவில்லை. "அன்னைக்கு உள்ள போயி லெட்டரப் படிச்சிட்டு வந்ததுமே அம்மா சொல்லிட்டாங்க மாமா."

"சொல்லிட்டாங்களா? இன்னான்னு?"

"'இவ்ளோ நாளா பக்கத்துலயே உக்காந்துகினு, மனசுல இருக்குறத என்கிட்ட சொல்ல முடியாம கவர்மென்டுக்கு எழுதியிருக்காரு பாரு. பாவம், அவருக்குப் பேச ஒரு ஆள் இல்ல'ன்னாங்க. அதான் உங்க பேரையே சாட்சிக்குக் குடுத்துட்டு வந்தாங்களாம். அப்படியாவது அவங்களப் பத்தி உங்க வாயால பேசுவீங்கன்னு."

நான் அழுதேன். மனைவிக்கு அறுவை நடந்தபோதுகூட அழாதவன். சுமதி எனக்கு ஆறுதலாக இதைக் கட்டிச் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிய பிறகு வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. என் புத்தி அப்படி.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான், எனக்குப் பேச ஒரு ஆள் இல்லை என்பது. அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால்தான் இதை உங்கள் அத்தனை பேரிடமும் சொல்கிறேன். ருக்மணி அக்காவை எனக்குப் பதினான்கு ஆண்டுகளாக நேரில் தெரியும். அவர் யாரிடமும் ஒரு பைசா கமிஷன் வாங்கியதில்லை. இது என் சாட்சி. இந்த முறை கீழே பெயர் இருக்கிறது.

கோ. ஏழுமலை
மனு எழுதுபவர், வேங்கிக்கால்