நாற்பத்து மூன்றாவது நட்சத்திரம்

பெர்மிலியாவுக்குக் கணக்குத் தெரியாது என்று ப்ளம் க்ரீக் ஊரே சொல்லும். சொல்ல வைத்தவன் அவளுடைய கொழுந்தன் ஓரின். துணிக்கடைக்காரன், கல்யாணமாகாதவன், வாய் மட்டும் ஊர் நீளம். ஊர்க் கொடியேற்றமும் அவன் பொறுப்பு. நாட்டின் நூறாவது பிறந்தநாளுக்கு அவள் ஒரு கொடி தைத்தாள். கொடியில் மாநிலத்துக்கு ஒரு நட்சத்திரம். கொலராடோவும் எப்படியும் மாநிலமாகச் சேர்ந்துவிடும் என்று நம்பி முப்பத்தெட்டு நட்சத்திரம் வைத்தாள். அந்தக் கொலராடோ ஆகஸ்டில் ஆடி அசைந்து வந்தது. பிறந்தநாளான ஜூலை நாலாம் தேதி கணக்கு முப்பத்தேழுதான் என்று ஓரின் கொடியைக் கம்பத்தில் ஏற்ற விடவில்லை.

பதினாலு வருஷமாக அதே பேச்சைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. போன நவம்பரில் ஒரே மூச்சாக நாலு மாநிலங்கள் சேர்ந்தன. எப்போது சேர்ந்தாலும் நட்சத்திரம் கொடியேறுவது அடுத்த ஜூலை நாலில்தான். அவசரமே படாமல் ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு என்று நாற்பத்திரண்டு தைத்து முடித்தாள். இந்தத் தடவை கம்பம் தனக்குத்தான் என்று இருந்தாள்.

ஜூலை மூன்று சாயங்காலம் தந்தி வந்தது. ஐடஹோ சேர்ந்துவிட்டதாம். பாவி மாநிலம், ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?

ஓரின் சிரித்துக்கொண்டே வந்தான். "அன்னைக்கு ஒண்ணு ஜாஸ்தி, இன்னைக்கு ஒண்ணு கொறச்சல். பேசாம வருஷா வருஷம் ஏத்தற ஊர்க் கொடியவே ஏத்திடுவோம் அண்ணி."

"அதுல முப்பத்தெட்டுதானே இருக்கு. அது மட்டும் சரியா?"

"அது பழகின தப்பு."

"கொஞ்சம் வெள்ளைத் துணி குடுப்பா, காலையில தச்சுடறேன்."

"கடைய பூட்டியாச்சு. நாளைக்கு லீவு."

அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் குடைந்தாள். வீட்டிலிருந்த வெள்ளையெல்லாம் ஏற்கெனவே நட்சத்திரமாகியிருந்தது. மிச்சம் ஒன்றுதான்: கஞ்சி போடச் சொல்லி ஓரின் கொடுத்திருந்த சட்டை. நாளைக்கு மேடையில் பேச அவனிடம் இருந்த ஒரே நல்ல சட்டை அது. நட்சத்திரம் கொடிக்கு இரண்டு பக்கமும் வேண்டும், ஆகவே முதுகில் இரண்டு வெட்டு. காலையில் அழகாக மடித்து, நெஞ்சுப் பக்கம் மேலே தெரிய அனுப்பிவிட்டாள்.

ஓரின் கோட்டுப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது. கொடியை விரித்தான்.

"இந்த ஒரு நட்சத்திரம் ஏன் தனியா ஓரமா நிக்குது?"

"எது எங்க நிக்கணும்னு சட்டத்துல இல்லையே. நேத்துதானே வந்துது, கூச்சப்படுது."

கொல்லர் ஹிராம் முன்னால் வந்தார். "எண்ணிச் சொல்லு ஓரின். அப்படியே அந்தக் கோட்டைக் கழட்டு, வேர்த்துக் கொட்டுது பாரு."

"வேணாம், குளுருது," என்றான், அந்த ஜூலை வெயிலில். எண்ணினான். நாற்பத்து மூன்று.

"அண்ணி, என் சட்டை..." என்று பல்லைக் கடித்தான்.

"கழட்டிக் காட்டேன். துணி குடுக்காத கடைக்காரன் யாருன்னும் நானே சொல்றேன்."

ஓரின் கயிற்றை இழுத்துக் கொடியேற்றினான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எங்க அண்ணி கணக்கு சரிதான்," என்று முனகினான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாப்பா," என்றாள் பெர்மிலியா. "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."