ஆற்றில் ஊறிய தூண்டில் கம்பு

என் வீட்டுக்காரர் மேகமலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். மலைக்காய்ச்சல் கண்டு அவரைக் கீழே தூக்கிவந்தார்கள். உடம்பு தேறியது, மனசு தேறவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். நாற்று விடலாமா, ஆள் சொல்லலாமா என்று எதைக் கேட்டாலும் கூரையைப் பார்ப்பார். நாளை என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது போலிருந்தது. நான் பயந்துதான் கிடந்தேன்.

மலையிலிருந்து வந்த மூட்டையோடு ஒரு பழைய மூங்கில் தூண்டில் கம்பும் வந்திருந்தது. சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துத் துரை கொடுத்தது. மூன்று துண்டு, பித்தளைப் பூணில் செருகிக்கொள்ளலாம். நடுத்துண்டில் விரிசல். ஒருநாள் அதைத் தடவிப் பார்த்தவர், வண்டு விழுந்துவிடும் என்று முணுமுணுத்தபடி முல்லையாற்றுக்கு எடுத்துப்போனார். வண்டு அரிக்காமலிருக்க மூங்கில் எதுவானாலும் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் எங்கள் பக்கம் புழங்குவோம். அவரும் கல்லை வைத்து அமுக்கிவிட்டு வந்தார். அவராக வாசல்படி தாண்டியதே எனக்குப் பெரிது.

சில நாள் கழித்து எடுக்கப் போனால், விரிசல் வழியே தண்ணீர் இறங்கி நடுத்துண்டு ஆறு சிம்பாகப் பிரிந்து கிடந்தது. பட்டை பட்டையாகச் சீவிப் பசை போட்டு ஒட்டிய கம்பு அது என்று எங்களுக்கு என்ன தெரியும்? அவர் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம். துரை மேலா, காய்ச்சல் மேலா, தெரியாது. சிம்புகளை நிழலில் உலர்த்தி, தச்சாசாரியிடம் வச்சிரப் பசை வாங்கிவந்து, விளக்குமாறு கட்டுகிற மாதிரி கட்ட உட்கார்ந்தேன். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"கணுவும் கணுவும் ஒண்ணாச் சேந்தா அங்கனயே ஒடிஞ்சிரும். இங்கன கொண்டா."

அதற்குப் பிறகு வந்த மத்தியானங்கள் கனவில் நடந்தவை போலத்தான் நினைவில் இருக்கின்றன. பசை உருகும் வாடை. மலையிலிருந்து இறங்கி வாசல் வரை வந்து நிற்கும் சாரல். அவர் கம்பை உருட்ட, நான் நூலைப் பிடித்திருப்பேன். தூண்டில் கயிறு ஓடும் வளையங்களைக் கம்பில் வைத்துக் கட்டப் பட்டுநூல் வேண்டியிருந்தது. என் முகூர்த்தப் புடவை முந்தியில் இழை உருவினேன். வேண்டாம் என்றார். பெட்டிக்குள் மடிந்து கிடந்து அது என்ன சாதிக்கப்போகிறது என்றேன். அரக்குச் சிவப்பில் கட்டு விழுந்ததும் கம்புக்கே கல்யாணக் களை வந்துவிட்டது.

மேலே பூசிய வார்னிஷ் காய்ந்ததும் வெயில் தாழ ஆற்றுக்குப் போனோம். கம்பு வளைந்து நிமிர்ந்தது, ஒடியவில்லை. மீன்தான் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. தக்கை அசையாமல் மிதந்தது, நாணலுக்குள் இருட்டு கட்டியது. வெறுங்கையோடு திரும்பினால் மறுபடி படுத்துவிடுவாரே என்று எனக்குப் பயம். ஆனாலும் இருட்டிவிட்டதே, போவோம் என்று எழுந்து, மண்புழு இருந்த கொட்டாங்குச்சியைக் கவிழ்க்கப் போனேன்.

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கொட்டிராத புள்ள. நாளைக்கி வேணும்."

கரையில் ஈரமண்ணை அள்ளி, புழுக்களுக்கு மேலே மெல்லப் போட்டு மூடினேன்.